பொய் சொன்ன அதிகாரி மேல் வழக்கு வேண்டுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னார் என்பதற்காகவே பெரிய அதிகாரிகள் மேல் வழக்குப் போடுகிறார்கள். சத்தியம் செய்துவிட்டு கோர்ட்டில் பொய் சொன்னால் சரி, சும்மா விசாரணையில் சொன்னதற்குமா? – மதுரை வாசகர்

பதில்: ஆமாம், சும்மா விசாரணையில் சொன்னதற்கும்தான். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1001 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மத்திய அரசு விசாரிக்கிற ஒரு விஷயத்தில், அந்த விசாரணையைப் பாதிக்கக்கூடிய பொய்யைத் தெரிந்தே சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொல்லியிருந்தாலும் பொருந்தும். இதன் வேர் 1863-க்குப் போகிறது. உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு விற்றவர்கள் பொய்க்கணக்குக் காட்டி அரசுப் பணத்தைச் சுரண்டினார்கள், அதைத் தடுக்க வந்த சட்டம் அது. 1934-இல் பண இழப்பே இல்லாத பொய்களுக்கும் அதை விரித்தார்கள்.

என் கருத்து இதுதான்: ஓர் அரசு அதிகாரி, பதவியில் இருந்து தான் செய்த வேலையைப் பற்றி விசாரணையில் பொய் சொன்னால் வழக்குப் போடத்தான் வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் அந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வெளியே இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. கோப்பு அவரிடம் இருக்கிறது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர், போனில் பேசியவர் அவர். அவரே பொய் சொல்லிவிட்டால் விசாரணை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதே பிரிவைச் சாதாரண மனிதர் மேல் பாய்ச்சுவது வேறு விஷயம், அதைப் பற்றி நியூ ஜெர்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறேன்.

கேள்வி: ஸ்கூட்டர் லிபி வழக்கில், உளவுத்துறைப் பெண் அதிகாரியின் பெயரை வெளியே விட்டதற்காக ஒருவரையும் தண்டிக்கவில்லை. மூலக் குற்றமே வழக்காகாதபோது, அதைப் பற்றிப் பொய் சொன்னார் என்று ஒருவரை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்? – கோவை வாசகர்

பதில்: இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2002-இல் ஜோசப் வில்சன் என்ற முன்னாள் தூதரை நைஜர் நாட்டுக்கு அனுப்பினார்கள், சதாம் உசேன் அங்கிருந்து யுரேனியம் வாங்க முயன்றாரா என்று பார்த்துவர. அப்படி எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று அவர் சொன்னார். இராக் போர் தொடங்கிய பிறகு, 2003 ஜூலை 6 அன்று இதை நியூயார்க் டைம்ஸில் வெளிப்படையாக எழுதினார். எட்டே நாளில், ஜூலை 14 அன்று, ராபர்ட் நோவாக் என்ற பத்தி எழுத்தாளர், வில்சனின் மனைவி வலெரி பிளேம் சி.ஐ.ஏ.வில் வேலை செய்கிறவர் என்று அச்சில் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் ரகசியப் பணி அத்தோடு முடிந்தது.

யார் சொன்னது என்று விசாரணை தொடங்கியது. துணை அதிபர் டிக் செனியின் தலைமை அலுவலர் லிபி, தனக்கு இந்தத் தகவல் என்.பி.சி. பத்திரிகையாளர் டிம் ரஸ்ஸர்ட் சொல்லித்தான் தெரியும், கேட்டபோது புதிதாக இருந்தது என்று எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார், பிறகு கிராண்ட் ஜூரி (ஒருவர்மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்கிற குடிமக்கள் குழு) முன் சத்தியம் செய்தும் சொன்னார். ரஸ்ஸர்ட், அப்படிப் பேச்சே நடக்கவில்லை என்றார். லிபியின் சொந்தக் குறிப்புகளிலேயே, ஒரு மாதம் முன்னால் ஜூன் மாதத்தில் செனியே அவரிடம் சொன்னது பதிவாகியிருந்தது. அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த ஜூன், ஜூலையிலேயே லிபியுடன் இதைப் பேசினோம் என்றார்கள்.

நோவாக்கிடம் முதலில் சொன்னது வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ். 2003 அக்டோபரிலேயே அவர் விசாரணை அதிகாரிகளிடம் போய் நான்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டார். அவர் மேல் வழக்கு வரவில்லை. சொன்னவர் தப்பித்தார், பொய் சொன்னவர் மாட்டினார் என்று உங்களைப் போலவே பலரும் கோபப்படுகிறார்கள். எனக்கோ, அது நடக்க வேண்டியபடிதான் நடந்தது என்று தோன்றுகிறது. ரகசிய உளவாளிகளின் பெயரைக் காக்கிற சட்டத்தில், அந்த உளவாளி ரகசியப் பணியில் இருப்பது தெரிந்தே பெயரைச் சொன்னாரா என்பதுதான் உயிர்நாடி. சொன்னவருக்கு எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பது தெரியாமல் அதைத் தீர்மானிக்கவே முடியாது. லிபி பொய் சொன்னது மிகச் சரியாக அந்த இடத்தில். சிறப்பு வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டும் குற்றப்பத்திரிகை வெளியான அன்று, நடுவரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டால் அவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார் என்ற பொருளில்தான் பேசினார். ஆகவே மூலக் குற்றம் நிரூபணமாகவில்லையே என்று வாதாடும்போது, அது ஏன் நிரூபணமாகவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2007 மார்ச்சில் ஐந்து குற்றச்சாட்டில் நான்கு உறுதியானது. 30 மாதச் சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். சிறைக்குப் போவதற்கு முன்பே அதிபர் புஷ் சிறைத்தண்டனையை ரத்து செய்தார், 2018-இல் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்தார். லிபி ஒருநாள்கூட இந்தத் தண்டனைக்காகச் சிறையில் இருக்கவில்லை. இதே விவகாரத்தில் யாரிடமும் பொய் சொல்லாத ஜூடித் மில்லர் என்ற பத்திரிகையாளர், தனக்குத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக 85 நாள் சிறையில் இருந்தார். அவர் காப்பாற்றிய அந்த நபர் லிபிதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: மைக்கேல் ஃப்ளின்னைத் திட்டமிட்டுச் சிக்கவைத்தார்கள் என்று படித்தேன். பொய் சொல்ல வைத்துப் பிடிப்பதும் நீதியா? – சென்னை வாசகி

பதில்: உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் உண்மையும் இருக்கிறது.

2016 டிசம்பர் 29 அன்று ஒபாமா ரஷ்யா மேல் தடைகள் விதித்தார், 35 ரஷ்ய அதிகாரிகளை வெளியேற்றினார். அன்றே, டிரம்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் பதவியேற்கப் போகிற ஃப்ளின், ரஷ்யத் தூதர் கிஸ்லியாக்கிடம் போனில் பேசி, பதிலடி கொடுத்துப் பெரிதாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டுப் பதிவாகியிருந்தது. 2017 ஜனவரி 24 அன்று இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வெள்ளை மாளிகைக்கே போய் விசாரித்தார்கள். போவதற்கு முன் துணை இயக்குநர் ஆண்ட்ரூ மெக்கேப் போன் செய்து, வழக்கறிஞர் வேண்டுமென்றால் நீதித்துறையையும் (அங்கே அது வழக்குத் தொடுக்கிற அரசுத் துறை, நீதிமன்றம் இல்லை) உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும் என்று சொல்ல, வேண்டாம் என்றார் ஃப்ளின். பொய் சொன்னால் குற்றம் என்று எச்சரிக்கவும் இல்லை. நம் நோக்கம் என்ன, உண்மையை வாங்குவதா, அல்லது பொய் சொல்லவைத்து வழக்குப் போடுவதா, வேலையை விட்டு அனுப்பவைப்பதா என்று எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி ஒருவர் அன்றைக்குக் கைப்பட எழுதிய குறிப்பு 2020-இல் வெளியே வந்தது. இது அசிங்கமான நடைமுறை. விசாரணைக்குப் போகிறவர் இப்படி யோசித்துக்கொண்டு போகக் கூடாது.

சரி, ஆனால் ஃப்ளின் யார்? ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர், பாதுகாப்பு உளவு முகமையின் தலைவராக இருந்தவர். விசாரணை என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. கேட்ட கேள்வியும் எளிமையானது: தடைகளைப் பற்றித் தூதரிடம் பேசினீர்களா? பேசினேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்காக அவர் மேல் வழக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், துணை அதிபராகப் பதவியேற்கவிருந்த மைக் பென்ஸ் டி.வி.யில், தடைகளைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை என்று நாட்டுக்குச் சொல்லியிருந்தார். அது பொய் என்று மாஸ்கோவுக்குத் தெரியும், அமெரிக்க மக்களுக்குத் தெரியாது. நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கிற ஆள் வேறொரு நாட்டின் பிடிக்குள் போகக்கூடிய நிலைமை அது, அன்றைய தற்காலிக அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ் வெள்ளை மாளிகைக்குப் போய் எச்சரித்ததும் இதைத்தான். தப்புச் செய்யத் தூண்டிப் பிடிப்பதும், ஏற்கெனவே செய்ததைப் பற்றிக் கேள்வி கேட்பதும் ஒன்றாகாது. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஓர் ஆண்டு கழித்து நீதிபதி சல்லிவன் முன் சத்தியம் செய்து அதையே உறுதியும் செய்தார். 2020-இல் நீதித்துறையே வழக்கைக் கைவிடப் பார்த்தது, அப்புறம் நவம்பரில் மன்னிப்பு வந்தது. எஃப்.பி.ஐ.யின் அந்த நடத்தைக்குத் தனியாக நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். ஃப்ளின் மேல் போட்ட வழக்கும் சரிதான்.

கேள்வி: போலீஸ் நம்மிடம் பொய் சொல்லலாம், நாம் மட்டும் சொல்லக் கூடாதா? – திருச்சி வாசகர்

பதில்: அமெரிக்காவில் சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று போலீஸ் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை 1969-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், அரசு கேள்வி கேட்பதை எதிர்க்கச் சட்டத்தில் வழிகள் உண்டு, பொய் சொல்வது அதில் ஒன்றில்லை என்றும் சொன்னது. இரண்டாவது தீர்ப்போடு எனக்கு முழு உடன்பாடு. முதலாவதை என்றைக்காவது மாற்ற வேண்டும்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன், விசாவில் இருக்கிறேன். திடீரென்று வீட்டுக் கதவைத் தட்டி ஏதாவது கேட்டால், பயத்தில் வாய் தவறி இல்லை என்று சொன்னால்கூடக் குற்றமா? – நியூ ஜெர்சி வாசகி

பதில்: பயத்திலோ மறதியிலோ தவறாகச் சொன்னது குற்றமாகாது அம்மா, தெரிந்தே சொன்ன பொய்தான் குற்றம். ஆனால் ஒரே ஒரு 'இல்லை' போதும் என்பது உண்மைதான். 1993-இல் ஜேம்ஸ் புரோகன் என்ற தொழிற்சங்க நிர்வாகியின் வீட்டுக்கு ஒரு மாலை நேரத்தில் இரண்டு மத்திய அதிகாரிகள் போனார்கள். ஒரு கம்பெனியிடமிருந்து பணமோ பரிசோ வாங்கினீர்களா என்று கேட்டார்கள், அவர் 'நோ' என்றார். அவர் வாங்கியதற்கான கம்பெனிக் கணக்கு அதற்கு முன்பே அதிகாரிகள் கையில் இருந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம், குற்றத்தை மறுக்கிற வெறும் 'இல்லை'யும் 1001-க்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி கின்ஸ்பர்க் தீர்ப்போடு ஒத்துப்போனாலும், அரசு அதிகாரிகளே குற்றத்தை உண்டாக்கும் அளவுக்கு இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று தனியாக எழுதி எச்சரித்தார். அவர் எச்சரித்தது சரி. பதவி இல்லாத ஒருவர் வாசலில் நின்று பதற்றத்தில் மறுப்பதை இந்தப் பிரிவிலிருந்து விலக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

நீங்கள் செய்யக்கூடியது: பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், அது குற்றமே ஆகாது. பேசினால் உண்மையைப் பேசுங்கள். விசா, கிரீன் கார்டு படிவங்களில் எழுதுவதற்கும் இதே கவனம் வேண்டும், அதில் எழுதும் பொய்க்கும் 1001 பொருந்தும்.

அதிகாரிகளின் நிலைமை உங்களுடையதைவிட எவ்வளவு பாதுகாப்பானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1967-இல் கேரிட்டி என்ற வழக்கு, அதுவும் உங்கள் நியூ ஜெர்சியில் நடந்ததுதான். போக்குவரத்து அபராதச் சீட்டுகளைச் சரிக்கட்டியதாகப் போலீஸ்காரர்களை விசாரித்தார்கள், பேசாவிட்டால் வேலை போகும் என்று சொல்லிப் பேசவைத்தார்கள். அப்படி வேலையைக் காட்டி மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை அவர்கள் மேலான குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே ஓர் அரசு ஊழியர் கட்டாயத்தில் உண்மையைச் சொன்னால் அந்த உண்மை அவரைச் சிறைக்கு அனுப்பாது. வாயை மூடிக்கொள்ளலாம், வழக்கறிஞரைக் கூப்பிடலாம், ராஜினாமா செய்யலாம். இத்தனை வாசல் திறந்திருக்கும்போதும் பொய்யைத் தேர்ந்தெடுத்தவர்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை.

கேள்வி: நாட்டின் ரகசியத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றால்? – சேலம் வாசகர்

பதில்: 2013 மார்ச் 12 அன்று செனட் குழுவில் செனட்டர் ரான் வைடன், உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களை என்.எஸ்.ஏ. என்ற மின்னணு உளவு அமைப்பு சேகரிக்கிறதா என்று கேட்டார். இல்லை, தெரிந்து செய்வதில்லை என்றார் கிளாப்பர். மூன்று மாதத்தில், என்.எஸ்.ஏ.வில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் வெளியே வந்து, போன் பதிவுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. என் பதில் தவறுதான், கேள்வியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன் என்று கிளாப்பர் கடிதம் எழுதினார். வழக்கு வரவே இல்லை, வழக்குப் போடுவதற்கான ஐந்தாண்டுக் காலக்கெடு 2018 மார்ச்சில் முடிந்தது. இத்தனைக்கும் கேள்வியை முந்தின நாளே அவர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்ததாக வைடன் சொல்கிறார். இதை மூடிய அறையில் பேசுவோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும். யார் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமே பொய் சொன்னால் அங்கே கண்காணிப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த வழக்கை ஜூரி முன் கொண்டுபோயிருக்க வேண்டும்.

கேள்வி: எதிர்க்கட்சிக்காரன் என்றால் வழக்கு, நம்மாள் என்றால் மன்னிப்பு. இந்தச் சட்டமே பழிவாங்கும் ஆயுதமாகிவிட்டதே? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: இதுதான் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிற கேள்வி.

ஆண்ட்ரூ மெக்கேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்குத் தகவல் போனதைப் பற்றி அவர் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை, மூன்று முறை சத்தியம் செய்தும்கூட, என்று நீதித்துறையின் உள் கண்காணிப்பு அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரலே 2018-இல் அறிக்கை கொடுத்தார். வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்பது மெக்கேப்பின் வாதம். ஓய்வு பெறும் தறுவாயில் வேலையை விட்டு நீக்கினார்கள், 2020 பிப்ரவரியில் வழக்கு இல்லை என்று கோப்பை மூடினார்கள், 2021-இல் சமரசமாகி ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது. எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் கெவின் கிளைன்ஸ்மித் ஒரு மின்னஞ்சலைத் திருத்தி, டிரம்பின் தேர்தல் பிரசாரத்தில் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜ் என்பவரை ஒட்டுக்கேட்கும் அனுமதியை நீட்டிக்க உதவினார். சி.ஐ.ஏ.வுக்கு உதவியவரை உதவாதவர் என்று மாற்றினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், கிடைத்தது 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும். மற்றவர்களை இதே 1001-இல் பிடிக்கிற அமைப்பின் உள்ளே இருந்து வந்த பொய் இது, இவ்வளவு லேசாக விட்டிருக்கக் கூடாது.

மறுபக்கம் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி. 2020 செப்டம்பர் 30 அன்று செனட்டில் சொன்னது பொய் என்று, ஐந்தாண்டுக் கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, 2025 செப்டம்பர் 25 அன்று குற்றப்பத்திரிகை. அதற்குச் சில நாள் முன்புதான் அதிபர் டிரம்ப் தன் அட்டர்னி ஜெனரலுக்கு, இவர்கள் மேல் உடனே நடவடிக்கை வேண்டும் என்று பகிரங்கமாகப் பதிவு போட்டார். அந்தப் பகுதியின் அரசு வழக்கறிஞர் விலக, அதுவரை குற்ற வழக்கே நடத்திப் பழக்கமில்லாத ஒருவரை நியமித்தார்கள். அந்த நியமனமே சட்டப்படி செல்லாது என்று நவம்பர் 24 அன்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கோமி பொய் சொன்னாரா என்ற கேள்விக்குள் யாரும் போகவே இல்லை. அதிபர் பெயர் சொல்லிக் கைகாட்டுகிற ஆள்மேல் அவசர அவசரமாக வழக்குப் போட்டால், நாளைக்கு உண்மையாகவே பொய் சொன்ன ஒருவரைக் கூண்டில் ஏற்றும்போதும் மக்கள் நம்ப மாட்டார்கள். அதற்காகச் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று சொல்வீர்களானால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வழக்கு யார்மேல் என்பதை முடிவு செய்கிற கையை அதிபரிடமிருந்து பிரிக்க வேண்டும்.

கேள்வி: பெரிய குற்றத்தை நிரூபிக்க முடியாதபோது போடுகிற சில்லறை வழக்குதானே இது? – ஈரோடு வாசகர்

பதில்: இல்லினாய் மாநில முன்னாள் ஆளுநர் பிளகோயெவிச்சின் முதல் ஊழல் வழக்கில், 2010-இல், 24 குற்றச்சாட்டில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னது ஒன்றில் மட்டும்தான் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வந்தது. அப்போதும் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். அடுத்த ஆண்டு மறுவிசாரணையில் இன்னும் 17 குற்றச்சாட்டுகள் உறுதியாயின.

கேள்வி: கடைசியில் எல்லோருக்கும் மன்னிப்புத்தான். அப்புறம் எதற்கு இந்த வழக்கெல்லாம்? – காரைக்குடி வாசகி

பதில்: உங்கள் சலிப்பு புரிகிறது. கிளின்டன் காலத்து அமைச்சர் ஹென்றி சிஸ்னெரோஸ், பதவிக்கு முன் நடந்த பின்னணி விசாரணையில், முன்னாள் காதலிக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்துச் சொன்னார். 18 குற்றச்சாட்டுகள் போட்டார்கள், 1999-இல் ஒரே ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதத்தோடு போனார். அந்தப் பெண்ணுக்கு, வீட்டுக் கடன் வாங்கும்போது பணம் வந்த வழியை மறைத்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக, மூன்றரை ஆண்டு சிறை விதித்தார்கள், பிறகு அதைக் குறைத்தார்கள். 2001 ஜனவரியில், பதவியின் கடைசி நாளில், கிளின்டன் இருவரையுமே மன்னித்தார். அதற்குள் அவள் சிறைக்குப் போய் வந்துவிட்டாள், அமைச்சர் ஒருநாளும் போகவில்லை.

மன்னிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டமே கொடுத்திருக்கிறது, அதை எடுப்பது லேசில்லை. ஆனாலும் வழக்கு வீணாகப் போகிறது என்று நான் நினைக்கவில்லை. லிபி வழக்கு நடந்திருக்காவிட்டால், வில்சனின் மனைவி சி.ஐ.ஏ.வில் இருப்பதைத் துணை அதிபரே அவரிடம் சொன்னார் என்பது லிபியின் கையெழுத்திலேயே நமக்குத் தெரிந்திருக்காது. மன்னிப்பு தண்டனையை எடுத்துவிடலாம், சாட்சியங்கள் நீதிமன்றப் பதிவில் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: உங்களிடம் விட்டால் சட்டத்தில் என்ன மாற்றுவீர்கள்? – விழுப்புரம் வாசகர்

பதில்: முதலில் ஒலிப்பதிவு. காவலில் இருப்பவரை விசாரிப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் நீதித்துறை விதி கொண்டுவந்தது. ஆனால் அலுவலகத்திலோ வீட்டிலோ போய் விசாரிக்கும்போது இன்றும் வழக்கமாக ஓர் அதிகாரி கேட்பார், இன்னொருவர் கையால் குறிப்பெடுப்பார், பிறகு அதை 302 என்கிற படிவத்தில் தட்டச்சு செய்வார்கள். ஒருவரைச் சிறைக்கு அனுப்பப்போகும் வார்த்தை அவர் வாயிலிருந்து அப்படியே வந்ததா என்பதற்கு அந்தக் குறிப்புத்தான் ஆதாரம். ஃப்ளின் வழக்கில் அந்தப் படிவத்தை யார் எப்போது திருத்தினார்கள் என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. எல்லோர் பையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிற காலத்தில் இதற்குச் சாக்கே கிடையாது.

அடுத்தது, திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு. நீதிமன்றத்திலோ கிராண்ட் ஜூரி முன்போ பொய் சொன்னவர், அது அம்பலமாவதற்கு முன்பே, விசாரணைக்கு ஊறு நேர்வதற்கு முன்பே, அதே நடவடிக்கைக்குள் திரும்பி வந்து உண்மையைச் சொன்னால் தப்பிக்க மத்தியச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1001-இல் அது கிடையாது. சத்தியம் செய்து பொய் சொன்னவருக்கு இருக்கிற வழி, சத்தியம் செய்யாமல் சொன்னவருக்கு இல்லை. அதை இங்கேயும் கொண்டுவந்து, பதவியில் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரு வாரமோ பத்து நாளோ கொடுக்கலாம். ஆற அமர யோசித்து, வழக்கறிஞரையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அதே பொய்யில் நிற்கிற அதிகாரியிடம், என்னைச் சிக்கவைத்துவிட்டார்கள் என்று சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.